பிளேடு விளிம்பில் ஒரு கேமரா

கறுப்பு-வெள்ளை டிஜிட்டல் கேமராவின் கூர்மையை அளக்கும் அறைக்குள் எட்டிப் பார்ப்போமா?

ஃபேனை நிறுத்தியாயிற்று. ஜன்னலில் கறுப்புத் துணி தொங்குகிறது. செல்போன்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டன. அறையின் ஒரு கோடியில் பால் வெள்ளை அக்ரிலிக் பலகை, அதன் பின்னால் எல்இடி விளக்கு. பலகையின் நடுவில், இப்போதுதான் உறையிலிருந்து பிரித்த ஒரு ஷேவிங் பிளேடு, லேசாகச் சாய்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு இரண்டு மீட்டர் எதிரே கனமான ட்ரைபாட். ட்ரைபாட்டின் மேல், நிறம் என்பதே தெரியாத ஒரு கேமரா!

லைக்கா எம் மோனோக்ரோம். 2012 மே 10 அன்று பெர்லினில் இதை அறிமுகப்படுத்தினார்கள். கறுப்பு-வெள்ளையை மட்டுமே எடுக்கும், 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட டிஜிட்டல் கேமரா. 1.8 கோடி பிக்சல். முன்பக்கத்தில் லைக்காவின் சிவப்பு வட்டம்கூடக் கிடையாது. சிவப்பைச் சிவப்பாகப் பார்க்காத கேமராவுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல! கையில் எடுத்தால் முழுக் கறுப்பாக, கனமாக, பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த வகைக் கேமராவின் படங்கள் ஏன் அவ்வளவு ஷார்ப்பாக இருக்கின்றன என்று படம் எடுக்கிறவர்கள் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்றிரவு அதை எண்ணாகவே பார்த்துவிடப் போகிறோம்.

கேமராவின் சொந்தக்காரரான அண்ணன், பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைக்கிறார். என் கண் விரிந்துவிட்டது. எம் 9! 2009 செப்டம்பரில் வந்த வண்ணக் கேமரா. அதே 1.8 கோடி பிக்சல், அதே அளவு சென்சார், அதே லென்ஸ் மாட்டும் வளையம். இரண்டிலும் சென்சாருக்கு முன்னால் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கும் ஆன்டி-அலையாசிங் கண்ணாடி இல்லை. மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்து, நிறம் என்ற ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கேமராக்கள். சோதனை செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"லென்ஸ் ஒண்ணுதான் தம்பி. அதையே மாத்தி மாத்திப் போடுவோம். அப்பதான் நியாயம்" என்கிறார் அண்ணன்.

நிறம் போனால் என்ன மிஞ்சும்?

முதலில் சென்சாருக்குள் போய் வந்துவிடுவோம். டிஜிட்டல் சென்சாருக்குப் பிறவியிலேயே நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டும்தான் எண்ணும். அதற்கு நிறம் காட்ட வழி கண்டவர் ராச்செஸ்டரில் கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர். ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு குட்டி வண்ண வடிகட்டி: பாதிக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கத்தை அதிகம் பிடிக்கும் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. 1976-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் பையில் கிடக்கும் போன் வரைக்கும் அந்தச் சதுரங்கம்தான் ஓடுகிறது. எம் மோனோக்ரோம் வெளிவந்த அதே 2012-இல்தான் பேயர் காலமானார்.

அருமையான யோசனை, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சிவப்பு வடிகட்டியின் கீழே இருக்கும் பிக்சலுக்குத் தன் இடத்தில் பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று தெரியாது. தெரியாததை அக்கம்பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிக்கொள்கிற கணக்கெடுப்பாளர் மாதிரி, சுற்றியுள்ள பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் அதை நிரப்பிக்கொள்கிறது. பெரும்பாலும் சரியாகவே நிரப்பும். ஆனால் ஒரு தலைமுடி, ஒரு துணியின் இழை, ஒரு இமைமுடி என்று பிக்சலுக்குப் பிக்சல் விஷயம் மாறும் இடத்தில் அந்த விசாரணை தடுமாறும். கூர்மை கரைவது அங்கேதான்.

மோனோக்ரோமில் அந்த வடிகட்டியே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தான் பார்த்ததை மட்டுமே சொல்கிறது. கூர்மை கூடுவதற்காக எதையும் சேர்க்கவில்லை. ஊகத்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவே! கூடவே ஒரு பரிசும் வந்துவிட்டது. வடிகட்டி விழுங்கிக்கொண்டிருந்த வெளிச்சமும் இப்போது சென்சாருக்குச் சேர்கிறது. எம் 9-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 160, மோனோக்ரோமுக்கு 320. சரியாக இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப் லாபம்.

கண்ணாடியில் தன் முகம் பார்க்கும் லென்ஸ்

முதல் வேலை, கேமராவை நேராக நிறுத்துவது. கேமராவும் பலகையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் படத்தின் இடது ஓரம் ஃபோகஸில் இருக்கும், வலது ஓரம் நழுவும். பழியை லென்ஸ் மேல் போட்டுவிடுவோம். ஆகவே அண்ணன் பலகையின் நடுவில் ஒரு சின்னச் சதுரக் கண்ணாடியை ஒட்டுகிறார். ஒரு படம் எடுக்கிறார். பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணாடிக்குள் லென்ஸ் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது! அந்தப் பிம்பம் படத்தின் நட்ட நடுவில் விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் தள்ளி விழுகிறது. ட்ரைபாட் தலையை ஒரு மயிரிழை திருப்புகிறார். இன்னொரு படம். இப்போது சரியாக நடுவில், கறுப்பு வளையத்துக்குள் கறுப்பு வளையம். எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது. அதிரும் என்று அடக்கிக்கொள்கிறேன்.

அதிர்வுதான் இங்கே பெரிய எதிரி. இந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் 6.8 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 147 பிக்சல். படம் பதிவாகும் நேரத்தில் பிம்பம் ஒரு பிக்சலில் பாதி நகர்ந்தாலும் அளவு கெடும். எனவே ஷட்டரை விரலால் அழுத்துவதில்லை. செல்ஃப் டைமர் போட்டுவிட்டு எல்லோரும் சிலையாக நிற்கிறோம். தெருவில் லாரி போனால் அந்தப் படம் கணக்கில் வராது. ட்ரைபாட்டின் நடுத் தண்டை உயர்த்தவே இல்லை. கால்களை அகட்டி, தாழ்வாக, அடியில் கனமான பையைத் தொங்கவிட்டு நிறுத்தியிருக்கிறோம்.

ஏன் பிளேடு? ஏன் சாய்வு?

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி!

கூர்மையை அளக்கப் பழைய வழி, கோடுகளை எண்ணுவது. அமெரிக்க விமானப்படையின் 1951 அட்டையில் மூன்று மூன்றாகக் கோடுகள் சிறுத்துக்கொண்டே போகும். எதுவரை தனித்தனியாகத் தெரிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பார்க்கிறவரின் கண்ணையும் மனதையும் பொறுத்து விடை மாறும். உங்களுக்குத் தெரியும் கோடு எனக்குத் தெரியாமல் போகலாம். கேமராக்களின் கூர்மையை அளப்பதற்கென்றே 2000-இல் வந்த ஐஎஸ்ஓ 12233 என்ற சர்வதேச அளவுமுறை இதற்கு அழகான ஒரு மாற்றைத் தந்தது. கோடே வேண்டாம், ஒரே ஒரு விளிம்பு போதும். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. அந்த விளிம்பு சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும்.

ஏன் சாய வேண்டும்? நேராக நிறுத்தினால் விளிம்பு எல்லா வரிசையிலும் ஒரே பிக்சலின் ஒரே இடத்தில்தான் வெட்டும். ஆயிரம் வரிசை இருந்தாலும் ஒரே சேதி. சாய்த்து வையுங்கள்: ஒவ்வொரு வரிசை கீழே போகும்போதும் விளிம்பு ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நகர்கிறது. பதினோரு, பன்னிரண்டு வரிசை தாண்டினால்தான் ஒரு முழு பிக்சல். அதாவது ஒவ்வொரு வரிசையும் அதே விளிம்பை வேறு வேறு இடத்தில் நின்று பார்த்துச் சொல்கிறது! எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் கோத்தால், பிக்சலைவிடப் பல மடங்கு நுணுக்கமாக, வெளிச்சம் இருட்டாக மாறும் சரிவு கிடைத்துவிடுகிறது. பிக்சலைக் கொண்டே பிக்சலுக்குள் எட்டிப் பார்ப்பது! இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு கூர்மை. அதைக் கணக்கில் கொண்டுபோய், 1822-இல் வெப்பம் பரவுவதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியேயின் வழியில் உருமாற்றினால், எம்டிஎஃப் என்ற வளைகோடு திரையில் விரிகிறது. பெரிய விவரங்களில் கறுப்பு-வெள்ளை வேறுபாடு எவ்வளவு நிற்கிறது, பொடி விவரங்களில் எவ்வளவு கரைகிறது என்று முழுக் கதையும் அந்த ஒரே கோட்டில் இருக்கிறது. வேறுபாடு பாதியாகக் குறையும் புள்ளிக்கு எம்டிஎஃப் 50 என்று பெயர். சோதனைக்காரர்கள் ஒரு லென்ஸை ஒரே எண்ணில் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வார்கள்.

சரி, பிளேடு எதற்கு? அச்சடித்த அட்டையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் மை காகிதத்தில் ஊறிப் பிசிறடித்திருக்கும். கிட்டத்தில் வைத்துச் சோதித்தால் கேமராவோடு சேர்த்துப் பிரிண்டரையும் அளந்துகொண்டிருப்போம். புது பிளேடின் விளிம்பில் அந்தப் பிசிறு இல்லை. பின்னால் வெளிச்சம், முன்னால் எஃகு. நாம் நிற்கும் தூரத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்த விளிம்பு நூறு பிக்சலுக்கு மேல் நீளும். கணக்குப் போட அது தாராளம். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பிளேடு, சில லட்ச ரூபாய்க் கேமராவை உரசிப் பார்க்கிறது!

சென்டிமீட்டர் சென்டிமீட்டராக

இந்தக் கேமராவில் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் லைவ் வியூ கிடையாது. ரேஞ்ச்ஃபைண்டர்தான்: இரண்டு சின்ன ஜன்னல்கள் வழியே வரும் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ். தெருவில் படமெடுக்க அற்புதமான வசதி. கூர்மையை அளக்க அது மட்டும் போதாது. லென்ஸை எஃப் 2-இல் முழுக்கத் திறந்துவிட்டால், பிக்சல் அளவுக்குக் கூர்மையாக நிற்கும் ஆழம் இரண்டு மீட்டர் தூரத்தில் நாலு சென்டிமீட்டர்தான். அதற்குள்ளும் உச்சம் ஒரு குறுகிய இடத்தில்தான் இருக்கிறது.

அதனால் அண்ணன் கேமராவை ஒரு தண்டவாளத்தில் ஏற்றியிருக்கிறார். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே மாட்டார். குமிழைத் திருகினால் கேமரா முழுவதும் ஒரு சென்டிமீட்டர் முன்னே போகும். க்ளிக். இன்னும் ஒரு சென்டிமீட்டர். க்ளிக். படங்களைக் கணினிக்குக் கொண்டுபோனால் எண்கள் ஏறுகின்றன, ஏறுகின்றன, உச்சிக்கு வந்து இறங்குகின்றன. அந்த உச்சிதான் லென்ஸின் உண்மையான தரம். ஒரே ஒரு படம் எடுத்து "இந்த லென்ஸ் சாஃப்ட்" என்று தீர்ப்பு எழுதுவது ஏன் தப்பு என்று இந்த மலை வடிவ வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

எக்ஸ்போஷரிலும் கவனம் வேண்டும். வண்ணக் கேமராவில் சிவப்பு நிரம்பி வழிந்தாலும் பச்சையிலோ நீலத்திலோ கொஞ்சம் விவரம் மிச்சமிருக்கலாம். மோனோக்ரோமில் வெள்ளை வழிந்தால் வழிந்ததுதான். மீட்க வேறு சேனல் இல்லை. விளிம்பின் வெளிச்சப் பக்கம் வழிந்துவிட்டால் சரிவின் தலை வெட்டுப்பட்டு, இல்லாத கூர்மை இருப்பதுபோல் எண் பொய் சொல்லும். நல்லவேளையாக இந்தக் கேமரா, பதிவான மூலத் தகவலின் ஹிஸ்டோகிராமையே திரையில் காட்டுகிறது. வலது ஓரத்தைத் தொடாமல் நிறுத்துகிறோம். கணினியில் ஷார்ப்பனிங் குமிழ் பூஜ்ஜியத்தில். மென்பொருள் சேர்க்கும் பொய்க் கூர்மை விளிம்பில் வெள்ளை வளையமாக வந்து நின்று, வளைகோட்டை நூறு சதவீதத்துக்கு மேலே தூக்கிவிடும். பார்த்தவுடன் பிடித்துவிடலாம்.

நட்சத்திரத்துக்குள் ஒரு திருவிழா

எண்கள் ஒருபக்கம். கண்ணுக்கும் விருந்து வேண்டாமா? அண்ணன் இப்போது பிளேடை எடுத்துவிட்டு, சீமென்ஸ் நட்சத்திரத்தை மாட்டுகிறார். நடுப்புள்ளியிலிருந்து வெளியே விரியும் கறுப்பு-வெள்ளை ஆரங்கள். வெளியே அகலம், உள்ளே போகப் போக நெருக்கம், நடுவில் முடிவில்லாத நெருக்கம். எந்தக் கேமராவும் எங்கேயாவது தோற்றே ஆக வேண்டும். எங்கே, எப்படித் தோற்கிறது என்பதில்தான் சுவாரசியம்.

முதலில் எம் 9. திரையில் பெரிதாக்குகிறோம். வெளிவட்டம் பிரமாதம். உள்ளே போகப் போக... ஆஹா! கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள அட்டையில் ஊதாவும் மஞ்சளும் பச்சையும் பூத்திருக்கின்றன. அட்டையில் இல்லாத நிறங்கள். பிக்சல்கள் ஒன்றையொன்று விசாரித்ததில் வந்த வதந்தி! வண்ண மோயரே என்று இதைச் சொல்வார்கள்.

லென்ஸைக் கழற்றி மோனோக்ரோமில் மாட்டுகிறோம். அதே இடம், அதே ஃபோகஸ், அதே நட்சத்திரம். பெரிதாக்குகிறோம். அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஓ!" என்கிறோம். ஆரங்கள் இன்னும் உள்ளே போகின்றன, கத்தியால் கீறியதுபோல. நிறப்பூக்கள் ஒன்றுகூட இல்லை. ஒரு எல்லைக்கு அப்பால் ஆரங்கள் மெல்ல வளைந்து, பொய்யான சாம்பல் கோலங்களாக மாறுகின்றன. அந்த எல்லைதான் நைக்விஸ்ட்: ஒரு கறுப்புக் கோட்டுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டுக்கும் சேர்த்து இரண்டு பிக்சலாவது வேண்டும் என்ற விதி. 6.8 மைக்ரான் பிக்சலுக்கு அது மில்லிமீட்டருக்குச் சுமார் 73 கோட்டு இணைகள். அதைத் தாண்டி எந்தச் சென்சாரும் உண்மை சொல்ல முடியாது. மோனோக்ரோம் அந்த எல்லை வரைக்கும் உண்மையைச் சொல்லிக்கொண்டே போகிறது.

வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றெல்லாம் இல்லை. பெரிய விவரங்களில் இரண்டு கேமராவும் ஏறக்குறைய ஒன்றுதான். பிக்சலோடு பிக்சல் மல்லுக்கட்டும் கடைசி எல்லையில்தான் மோனோக்ரோம் முந்துகிறது. ஆனால் இழையும் முடியும் தோலின் ரேகையும் வாழ்வது அந்த எல்லையில்தானே!

சிவப்புக் கண்ணாடி போட்டதும்…

"இப்ப பாரு தம்பி" என்று அண்ணன் லென்ஸின் முன்னால் ஆழ்ந்த சிவப்பு ஃபில்டரைத் திருகுகிறார். அவர் முகத்தில் குறும்பு.

எம் 9-இல் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சிவப்பு வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிறது. பச்சை, நீல வடிகட்டிக்குக் கீழே உள்ள பிக்சல்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வந்து சேராது. வேலை செய்வது கால்வாசி பிக்சல்கள்தான்: 1.8 கோடியில் 45 லட்சம்! மோனோக்ரோமிலோ அத்தனை பிக்சலும் சிவப்பைப் பார்க்கின்றன. நட்சத்திரத்தை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இவை ஒரே தலைமுறைக் கேமராக்கள்தானா என்று கேட்கத் தோன்றும். வானத்தைக் கறுக்க வைக்கச் சிவப்பு ஃபில்டர் போடுவது கறுப்பு-வெள்ளை ஃபிலிம் காலத்து வித்தை. அந்த வித்தைக்கு ஏற்ற டிஜிட்டல் கேமரா இதுதான்.

ஃபில்டர் இன்னொரு உபகாரமும் செய்கிறது. எந்த லென்ஸும் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் துல்லியமாகக் குவிப்பதில்லை. நீலம் ஒரு இடத்தில், சிவப்பு சற்றுத் தள்ளி. வண்ணக் கேமராவில் இது விளிம்பில் ஊதா, பச்சைக் கீற்றாகத் தெரியும். பக்கவாட்டில் விலகிய நிறங்களை மென்பொருள் இழுத்துப் பொருத்திவிடும். மோனோக்ரோமில் எல்லா நிறமும் ஒரே சாம்பலில் கலந்துவிடுவதால், அந்தக் கீற்று மங்கலாக மாறிவிடுகிறது. எது எந்த நிறத்திலிருந்து வந்தது என்று பிரித்தெடுக்க வழியே இல்லை. இந்தக் கேமரா லென்ஸிடம் கறாராக இருப்பது இதனால்தான். லைக்கா அதே 2012 மே 10 அன்று, இந்தக் கேமராவுடன் சேர்த்து, பீட்டர் கார்பே வடிவமைத்த அப்போ-சம்மிக்ரான் 50 மில்லிமீட்டர் லென்ஸையும் அறிமுகம் செய்தது. நிறங்களை ஒரே இடத்தில் குவிக்கவென்றே உருவான லென்ஸ். சரியான ஜோடி!

நம் கையில் இருப்பது பழைய, சாதாரண லென்ஸ். அதற்கு மருந்து ஃபில்டர்தான். பிளேடை மறுபடி ஒட்டி, பச்சை ஃபில்டர் போட்டு, எஃப் 2-இல் எடுக்கிறோம். நிறங்களின் அகலம் குறுகியதும் அவற்றுக்குள் இருந்த பிணக்கும் குறைந்துவிடுகிறது. திரையில் வளைகோடு மேலே எழும்புகிறது! ஃபில்டரின் விலை லென்ஸின் விலையில் ஒரு துளி. ஒரு ஜாக்கிரதை மட்டும்: ஃபில்டர் மாறினால் ஃபோகஸும் சற்று நகரும், சிவப்பில் அது அதிகம். ஒவ்வொரு ஃபில்டருக்கும் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் போய் உச்சியைப் புதிதாகத் தேட வேண்டும்.

அப்பர்ச்சர் என்ற படிக்கட்டு

அடுத்து எஃப் 2 முதல் எஃப் 16 வரை ஒவ்வொரு படியாக இறங்குகிறோம். முழுக்கத் திறந்தபோது லென்ஸின் பிழைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். எஃப் 4, எஃப் 5.6 என்று மூட மூட அவை அடங்கி, எண்கள் உயரும். அப்புறம் இயற்பியல் குறுக்கே வரும். வெளிச்சம் ஒரு துளை வழியே நுழைந்தால் விரியத்தான் செய்யும். எவ்வளவு சின்னத் துளையோ அவ்வளவு விரிவு. பச்சை வெளிச்சத்தில் எஃப் 5.6-இல் ஒரு புள்ளியின் வட்டம் சுமார் 7.5 மைக்ரான், ஏறக்குறைய ஒரு பிக்சல். எஃப் 16-இல் அது 21 மைக்ரானைத் தாண்டி மூன்று பிக்சலை மூடிவிடுகிறது. உலகத்தின் மிகச் சிறந்த லென்ஸுக்கும் இதே கதிதான். 'எல்லாம் ஷார்ப்பாக வரட்டும்' என்று எஃப் 16-க்கு ஓடும் பழக்கம் இந்த வரைபடத்தைப் பார்த்ததும் போய்விடும்.

நடுவில் முடித்துவிட்டு நான்கு மூலைகளுக்கும் போகிறோம். நான்கு மூலையிலும் நான்கு நட்சத்திரம். நான்கும் ஒரே அளவில் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் சோர்ந்திருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடித் துண்டு தன் மையத்திலிருந்து விலகியிருக்கிறது. அண்ணனின் லென்ஸில் நான்கும் சமம். அவர் விட்ட பெருமூச்சில் அறையே லேசானது!

வானத்திலிருந்தும் இதே ரகசியம்

கறுப்பு-வெள்ளைதான் நுணுக்கம் என்பது விண்வெளிக்காரர்களுக்குப் பழைய செய்தி. ஹபிள் தொலைநோக்கியின் கேமராக்கள் நிறம் பார்ப்பதில்லை. ஃபில்டர்களை ஒவ்வொன்றாக மாற்றி எடுத்த சாம்பல் படங்களைச் சேர்த்துத்தான் அந்த வண்ண நெபுலாக்கள் பிறக்கின்றன. 2019 நவம்பர் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளுக்கு இரண்டு விதமான பார்வை. நிறங்களைப் பிரித்துப் பார்க்கும்போது தரையில் சுமார் ஒரு மீட்டர் நுணுக்கம். எல்லா வெளிச்சத்தையும் ஒன்றாக வாங்கிக் கறுப்பு-வெள்ளையில் பார்க்கும்போது கால் மீட்டர்! வெளிச்சத்தைப் பங்கு போடாவிட்டால் நுணுக்கம் கூடும். நம் அறையில் பார்த்ததும் அதே கதைதான். சினிமாவிலும் இதே ரகசியம்தான்: 2020-இல் வந்த 'மாங்க்' திரைப்படத்தை இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் கறுப்பு-வெள்ளை மட்டுமே பதிவுசெய்யும் ரெட் கேமராவில் எடுத்தார். அதன் ஒளிப்பதிவாளர் எரிக் மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கேமராக் கடையிலும் இந்தக் குடும்பம் பெருகிவிட்டது. 2015-இல் லைக்காவின் 2.4 கோடி பிக்சல் மோனோக்ரோம், 2020-இல் 4 கோடி, 2023 ஏப்ரலில் 6 கோடி. அதே 2023 ஏப்ரலில் பென்டாக்ஸ் தன் கே-3 மார்க் 3 மோனோக்ரோமைக் கொண்டுவந்தது. கண்ணாடி உயரும் எஸ்எல்ஆர் வகையில் கறுப்பு-வெள்ளை கேமரா, அதுவும் லைக்கா விலையில் ஒரு சிறு பங்குக்கு!

நீங்களும் செய்யலாம், இன்றைக்கே

இவ்வளவும் பெரிய ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தேவை ஒரு புது பிளேடு, வெள்ளை வெளிச்சம், ஆடாத ட்ரைபாட், ஒரு சின்னக் கண்ணாடி. சாய்ந்த விளிம்பை அளக்கும் எம்டிஎஃப் மேப்பர் என்ற மென்பொருள் இலவசம். மோனோக்ரோம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; உங்கள் வண்ணக் கேமராவையே வைத்து ஆரம்பியுங்கள். பிளேடை ஒட்டும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அறைக்குள் விடாதீர்கள்.

அளந்து முடித்தபின் உங்கள் லென்ஸ் எந்த அப்பர்ச்சரில் உச்சியைத் தொடுகிறது, ஃபோகஸ் எந்தப் பக்கம் நழுவுகிறது, கையால் அழுத்தினால் எவ்வளவு இழக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். எந்த விளம்பரமும் அதைச் சொல்லித் தராது, ஏனென்றால் அது உங்கள் கேமராவின், உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரே லென்ஸின் கணக்கு. கறுப்பு-வெள்ளை சென்சார் இந்தப் பாடத்தை இன்னும் உரக்கச் சொல்கிறது. ஊகம் என்ற திரை விலகிவிட்டதால் நல்ல லென்ஸ் நல்லதாகவும், நடுங்கிய கை நடுக்கமாகவும், தப்பிய ஃபோகஸ் தப்பாகவும் அப்படியே பதிவாகும். அதன் கூர்மைக்குக் காரணம் அந்த நேர்மைதான். அதனால்தான் அதைச் சோதிப்பதிலும் இத்தனை சந்தோஷம்.

அண்ணன் முடிவு செய்துவிட்டார்: முகங்களுக்குப் பச்சை ஃபில்டர், எஃப் 4, கோபுரங்களுக்கும் மேகங்களுக்கும் சிவப்பு, எஃப் 5.6, எஃப் 11-ஐத் தாண்டுவதில்லை. லென்ஸ் மூடியின் உட்புறத்தில் சின்னத் தாளில் எழுதி ஒட்டிக்கொண்டார். நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் அந்த எண்களோடு தெருவில் இறங்குகிறோம்!